அக்காவைக் கேளுங்க: பிள்ளைத்தாச்சிக்கு புது டிரெஸ் எதுக்குன்னு கேக்குறாங்களா?

இந்த தடவை வந்த கேள்விங்கள்ல முக்காவாசி மாசமா இருக்கிற பொண்ணுங்களும் பச்சை உடம்புக்காரங்களும் அனுப்பினதுதான், அதனால மத்ததையெல்லாம் அடுத்த இதழுக்கு தள்ளிட்டு இதுக்கு மட்டும் பதில் எழுதியிருக்கேன். பேர் போடாதீங்கன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க, அதனால எல்லாருக்கும் ஊர் மட்டும்தான்.

அக்கா, எனக்கு அஞ்சாம் மாசம், ஐடி கம்பெனி வேலை. பழைய ஜீன்ஸ், குர்தா எதுவும் ஏறல. ரெண்டு டிரெஸ் வாங்கலாம்னா "நாலு மாசத்துக்கு எதுக்கு தண்டச் செலவு, என் நைட்டி இருக்கு போட்டுக்கோ"ங்கறாங்க அத்தை. ஏழாம் மாசம் வளைகாப்பு, அதுக்கு பட்டுப்புடவை பிளவுஸ் வேற தைக்கணும். என்ன பண்ணட்டும்? – வாசகி, கோவை

வாங்கும்மா, தாராளமா வாங்கு. நாலு மாசம்ங்கற கணக்கே சரியில்ல. குழந்தை பொறந்த மறுநாளே வயிறு உள்ள போயிடாது, கர்ப்பப்பை பழைய அளவுக்கு சுருங்கவே ஆறு வாரம் கிட்ட ஆகும், அதுக்கப்புறமும் மார்பும் இடுப்பும் வேற அளவுலதான் இருக்கும், அதனால இப்ப வாங்குறப்பவே ரெண்டு பக்கமும் மறைவா ஜிப் வச்ச ஃபீடிங் குர்தியா பாத்து வாங்கிட்டா பால் குடுக்குற காலம் பூரா அதுதான் ஓடும். அத்தைகிட்ட வாதம் பண்ண வேணாம், கடைக்கு கூடவே கூட்டிட்டு போய் அந்த ஜிப்பை காட்டு, அவங்க காலத்துல இப்படி ஒண்ணு இல்லாம எவ்வளவு கஷ்டப்பட்டாங்கன்னு அவங்களே சொல்லுவாங்க.

நிறைய பேர் என்ன பண்றாங்கன்னா ரெண்டு சைஸ் பெருசா எடுத்துக்கறாங்க. அப்படி எடுத்தா தோள்பட்டை கீழ தொங்கும், கை முட்டி வரைக்கும் வரும், வயிறு மட்டும் அப்பவும் பிடிக்கும். வளர்றது வயிறும் மார்பும்தான், தோள் இல்ல. அதனால தோள் உன் அளவு, மார்புக்கு கீழ இருந்து விரியுற மாதிரி ஏ-லைன் இல்ல அம்ப்ரெல்லா கட். கீழ லெகிங்ஸ் போட்டா வயித்துக்கு மேல வரைக்கும் ஏறுற அகல பேனல் வச்ச மெட்டர்னிட்டி லெகிங்ஸ் எடு, சாதாரண லெகிங்ஸோட எலாஸ்டிக் சரியா அடிவயித்துல அழுத்தும். ஆபீஸுக்கு மூணு குர்தி, ரெண்டு லெகிங்ஸ் மாத்தி மாத்தி போட்டா போதும். துணி காட்டன், இல்ல காட்டன் கலந்த ரேயான். மாசமா இருக்கிறப்ப உடம்பு சூடாவே இருக்கும், வேர்வை அதிகம், அதுல பாலியஸ்டரைப் போட்டா மார்புக்கு அடியிலயும் தொடை இடுக்குலயும் வேர்க்குரு, படை எல்லாம் வந்துடும்.

புடவை கட்டுறவங்களுக்கும் சேத்தே சொல்லிடுறேன். பாவாடை நாடாவை இடுப்புல இறுக்கி கட்டி அந்த இடம் கறுத்து தடிச்சுப் போறது நம்ம ஊர்ல எல்லாருக்கும் இருக்கு, மாசமா இருக்கிறப்பவாவது அதை விடுங்க. அகலமான எலாஸ்டிக் வச்ச பாவாடை தச்சு வயித்துக்கு கீழ இறக்கி கட்டிக்கலாம், கொசுவத்தை நடுவுல வைக்காம கொஞ்சம் ஓரமா தள்ளி வச்சா வயித்து மேல மொத்தமா குவியாது. இப்ப எல்லாரும் போடுற உடம்பை ஒட்டின சாரி ஷேப்வேர் வேணவே வேணாம். தினப்படிக்கு மதுரை சுங்குடி மாதிரி ஒண்ணு இல்ல, லேசா இருக்கும், துவைக்க துவைக்க மெத்துனு ஆகும், குழந்தை பொறந்தப்புறமும் கட்டலாம்.

வளைகாப்பு பிளவுஸை இப்பவே தைக்கக் குடுத்துடாதே, அளவு மாறிடும். விசேஷத்துக்கு ரெண்டு வாரம் முன்னாடி அளவு குடுத்து உள்ள நல்லா தையலுக்கு துணி விட்டு தைக்கச் சொல்லு, அப்புறம் பிரிச்சுக்கலாம். ஹூக் முன்னாடி. புடவை பெரிய ஜரிகை பார்டர் வச்ச கனமான காஞ்சிப் பட்டுதான் வேணும்னு இல்ல, மணிக்கணக்குல உக்காந்து நலங்கு வைக்கணும், சாஃப்ட் சில்க் எடுத்தா மூச்சு முட்டாது. இன்னொண்ணு, இது ரொம்ப முக்கியம்: ஏழாம் மாசத்துக்கு மேல விரல் வீங்க ஆரம்பிச்சா மோதிரம், மெட்டி ரெண்டும் சிக்கிக்கும், சில பேருக்கு கடைசியில வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கு. லேசா இறுக்கம் தெரியுறப்பவே கழட்டி வச்சிடு, மெட்டியை திறந்த வளையமா இருக்கிறதா மாத்திக்கலாம். சாயங்காலம் கால் வீங்கி காலையில வத்திட்டா பரவால்ல. முகமும் கையும் திடீர்னு வீங்கி, கூடவே தலைவலி, கண்ணு மங்கலா தெரியறதுன்னு இருந்தா அது பிரஷரா இருக்கலாம், அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு போயிடணும்.

ஆறாம் மாசம். கன்னம், நெத்தி எல்லாம் மங்கு வந்திருச்சு. மெடிக்கல் ஷாப்ல ஒரு கிரீம் குடுத்தாங்க, போட்ட பத்தே நாள்ல பளிச்சுனு ஆச்சு. தொடர்ந்து போடலாமா? – வாசகி, திண்டுக்கல்

இன்னிக்கே நிறுத்திடுங்க, ட்யூபை எடுத்து பின்னாடி என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன் (இது ஸ்டீராய்டு) மூணும் கலந்த கிரீமைத்தான் நம்ம ஊர்ல சிவப்பழகு கிரீம் மாதிரி சீட்டு இல்லாமயே கேட்டு வாங்கிட்டு போறாங்க. பத்து நாள்ல பளிச்சுனு ஆனதா நீங்க எழுதினதைப் படிச்சதும் எனக்கு அதுதான் தோணுச்சு. மாசமா இருக்கிறப்ப ட்ரெட்டினாயின், பருவுக்குப் பூசுற அடாபலீன் ரெண்டையும் பூசக்கூடாதுன்னு டாக்டருங்க சொல்றாங்க, ஹைட்ரோகுவினோன் தோல் வழியா உடம்புக்குள்ள நிறைய போகும், ஸ்டீராய்டு மாசக்கணக்குல போட்டா தோல் மெலிஞ்சு ரத்தக்குழாய் தெரியும், முடி முளைக்கும், நிறுத்தினா முன்னைவிட அதிகமா சிவந்து எரியும். ட்யூபையும் கையோட எடுத்துட்டு போய் உங்க டாக்டர்கிட்ட காட்டிடுங்க. பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிட்டுட்டு இருக்கிற யாராவது இதைப் படிச்சா, கர்ப்பம்னு சந்தேகம் வந்த நிமிஷமே டாக்டரைப் பாருங்க, அது குழந்தைக்கு பெரிய குறைபாடு உண்டாக்குற மருந்து.

மங்குக்கு காரணம் ஹார்மோன், அதைக் கறுக்க வைக்கிறது வெயில். கண்ணுக்குத் தெரியுற வெளிச்சமும் அதைக் கறுக்க வைக்கும், அதனால சாதாரண சன்ஸ்க்ரீனைவிட அயர்ன் ஆக்சைடு கலந்த டின்ட்டட் (லேசா தோல் நிறத்துல இருக்கிற) சன்ஸ்க்ரீன் மங்குக்கு நல்லா கேக்கும். அதுல ஜிங்க் ஆக்சைடு இருந்தா இன்னும் நல்லது. காலையில ஒரு தடவை பூசிட்டு விட்டுடாம மதியமும் பூசணும், வண்டியில போனா துப்பட்டாவை முகத்துக்கு சுத்திக்கோங்க. நயாசினமைடு, வைட்டமின் சி பூசலாம், அசெலாயிக் ஆசிட் டாக்டரைக் கேட்டு பூசலாம். பிரசவத்துக்கு அப்புறம் நிறைய பேருக்கு மங்கு தானா வெளிறிடும். எலுமிச்சை சாறு தேய்க்கச் சொல்லி யாராவது சொன்னா கேக்காதீங்க, எரிச்சல் வந்தா அந்த இடம் இன்னும் கறுக்கும்.

வளைகாப்புக்கு கோன் மெஹந்தி வைக்கலாமா? டை அடிக்கலாமா? வயித்துல கோடு விழாம இருக்க எந்த ஆயில்? – வாசகி, நாகர்கோவில்

வீட்டுல அரைச்ச மருதாணி வைங்க, அழகா இருக்கும். ஒரே மணி நேரத்துல கன்னங்கரேல்னு பிடிக்கிற கோன்ல பிபிடின்னு ஒரு கெமிக்கல் கலந்திருப்பாங்க, கொப்புளம் போட்டு தழும்பாவே நின்னுடும், வேணாம். டை மூணு மாசம் தாண்டினப்புறம், காத்தோட்டமா உக்காந்து, முன்னாடியே காதுக்குப் பின்னாடி தொட்டு டெஸ்ட் பண்ணிட்டு அடிக்கலாம், ஸ்ட்ரெய்ட்டனிங், கெரட்டின் ட்ரீட்மென்ட் மட்டும் தள்ளிப் போடுங்க, அதோட புகையில ஃபார்மால்டிஹைட் வரும். கோடு விழறது பரம்பரை, எந்த ஆயிலும் அதை நிறுத்தும்னு நம்பி ஆயிரக்கணக்குல செலவு பண்ணாதீங்க. அரிப்புக்கு தேங்காய் எண்ணெயே போதும். ஆனா உள்ளங்கை, உள்ளங்கால் ராத்திரியில தாங்க முடியாம அரிச்சா எண்ணெய் தேச்சுட்டு படுக்காம டாக்டரைப் பாருங்க, ஈரல் சம்பந்தப்பட்டதா இருக்கலாம், ரத்த டெஸ்ட்ல தெரிஞ்சிடும். பிரசவத்துக்கு அட்மிட் ஆகறதுக்கு முன்னாடி நெயில் பாலிஷை எடுத்துடுங்க, விரல்ல கிளிப் மாட்டித்தான் ஆக்ஸிஜன் பாப்பாங்க.

குழந்தைக்கு நாலு மாசம். தலை வாரினா கொத்து கொத்தா கையில வருது, அழுகையே வருது. பால் குடுக்குறதாலயா? சாம்பிராணி போடலைன்னு அம்மா திட்டுறாங்க. – வாசகி, கும்பகோணம்

பால் குடுக்குறதால இல்லம்மா, அதுக்காக பாலை நிறுத்திடாதே. வயித்துல குழந்தை இருந்தப்ப முடி அடர்த்தியா இருந்துச்சுல்ல, அப்ப ஈஸ்ட்ரோஜன் அதிகமா இருந்ததால கொட்ட வேண்டிய முடி கொட்டாம நின்னுச்சு. பிரசவமானதும் அது சட்டுனு இறங்குது, நின்ன முடியெல்லாம் ஒண்ணா ஓய்வுக்குப் போய் ரெண்டு மூணு மாசம் கழிச்சு மொத்தமா கொட்டுது. நாலாம் மாசம்தான் உச்சம். குழந்தையோட மொத பிறந்தநாள் கிட்ட வர்றப்ப பழையபடி ஆயிடும், நெத்தி ஓரத்துல குட்டி குட்டியா புது முடி குத்திக்கிட்டு நிக்கும் பாரு.

அதுக்குள்ள செய்ய வேண்டியது, டாக்டர் குடுத்த இரும்புச்சத்து மாத்திரையை பிரசவத்துக்கு அப்புறமும் ஆறு மாசம் போடணும், நிறைய பேர் வீட்டுக்கு வந்ததும் நிறுத்திடறாங்க. அதை டீ, காபியோட போடாதே, கால்சியம் மாத்திரையோட சேத்தும் போடாதே, உடம்புல ஒட்டாது. பத்தியம்ங்கற பேர்ல மிளகு ரசமும் சோறும் மட்டும் சாப்பிட்டா முடிக்கு எங்க இருந்து சத்து வரும், பூண்டு குழம்பு, சுறாப்புட்டு, முருங்கைக்கீரை, முட்டை, பருப்பு எல்லாம் நல்லா சாப்பிடு. ஒரு வருஷம் தாண்டியும் கொட்டினாலோ, கூடவே படபடப்பு இல்ல ஓயாத அசதி இருந்தாலோ ரத்த டெஸ்ட்ல தைராய்டும் ஃபெர்ரிட்டினும் (உடம்புல இருக்கிற இரும்புச்சத்து சேமிப்பு) பாத்துடு, பிரசவத்துக்கப்புறம் தைராய்டு கெடறது உண்டு. முடி வளரப் போடுற மினாக்ஸிடில் மாதிரி எதையும் பால் குடுக்குறப்ப நீயா வாங்கிப் போடாதே. பின்னலை இழுத்துப் போடாம தளர்வா போடு, தோள் வரைக்கும் வெட்டிக்கணும்னு ஆசையா இருந்தா வெட்டிக்கோ.

சாம்பிராணி வாசம் எனக்கும் பிடிக்கும், ஆனா கதவை சாத்தின ரூம்ல கரி நெருப்பு போட்டு குழந்தையையும் கூட வச்சுக்கிறது ஆபத்து. அந்தப் புகை அவ்வளவு சின்ன நுரையீரலுக்கு ஆகாது. அம்மாகிட்ட பக்குவமா சொல்லு, காட்டன் துண்டால ஈரத்தை ஒத்தி எடுத்து ஃபேன் காத்துல உலர்த்தினா முடி காஞ்சிடும்.

ரெண்டு மாசக் குழந்தை. கண்ணாடியே பாக்க பிடிக்கல, தலை வாரி நாளாச்சு. ஒரு நாள் பொட்டு வச்சு பவுடர் போட்டதுக்கு "பிள்ளையை பாக்காம அலங்காரம் வேற"ன்னாங்க. ராத்திரி எல்லாம் அழறேன், காரணம் தெரியல. – பேரும் ஊரும் வேண்டாம்

உங்க லெட்டரை ரெண்டு மூணு தடவை படிச்சேன்மா. அப்படிச் சொன்னவங்க பேச்சை தள்ளி வைங்க. பொட்டு வச்சதுல எந்தத் தப்பும் இல்ல, தினமும் வைங்க.

ஆனா எனக்கு கவலை அந்த அழுகைதான். பிரசவமான மொத ரெண்டு வாரம் காரணமில்லாம அழுகை வர்றது நிறைய பேருக்கு இருக்கும், தானா போயிடும். உங்களுக்கு ரெண்டு மாசமாச்சு. ரெண்டு வாரத்துக்கு மேல போனா அது பிரசவத்துக்கு அப்புறம் வர்ற மனச்சோர்வா இருக்கலாம், அது ஒரு நோய், சரியாகிற நோய், பால் குடுக்குறப்பவே சாப்பிடுற மாதிரி மருந்தும் இருக்கு. உங்க பிரசவம் பாத்த டாக்டர்கிட்டயோ, தடுப்பூசிக்கு போறப்ப அங்க இருக்கிற டாக்டர்கிட்டயோ நீங்க எனக்கு எழுதினதை அப்படியே சொல்லுங்க. வெளியில போக முடியலைன்னா 14416, டெலி மானஸ், அரசாங்கத்தோட நம்பர், காசில்ல, எந்த நேரமும் பேசலாம், தமிழ்லயே பேசுவாங்க. உங்களையோ குழந்தையையோ ஏதாவது பண்ணிடுவோமோன்னு ஒரு நிமிஷம் தோணினாலும் தனியா இருக்காதீங்க, பக்கத்துல யாரையாவது உக்கார வச்சுட்டு உடனே ஆஸ்பத்திரி. வீட்டுக்காரர்கிட்ட இந்தப் பக்கத்தை குடுங்க. தம்பி, இது உங்களுக்கு: ராத்திரி ஒரு வேளை பாலை பிழிஞ்சு வச்சா நீங்க குடுக்கலாம், அவங்க நாலு மணி நேரம் சேந்தாப்ல தூங்கணும். காலையில அவங்க குளிச்சு தலை வாரி முடிக்கிற வரைக்கும் குழந்தை உங்க கையில.

சிசேரியன் ஆச்சு. வயிறு தொங்காம இருக்க பழைய புடவையால இறுக்கி கட்டுறாங்க. நல்லதா? – வாசகி, விருதுநகர்

எழுந்து நடக்கிறப்ப, இருமுறப்ப தையலுக்கு ஒரு பிடிமானமா லேசா கட்டினா வலி குறையும், டாக்டர் சொல்ற பெல்ட்டும் அதுக்குத்தான். மூச்சு பிடிக்கிற அளவுக்கு இறுக்கினா அழுத்தம் கீழ இறங்கி கர்ப்பப்பையைத் தாங்குற தசைதான் பலவீனமாகும், தையல்ல வேர்வை தங்கி புண்ணாகவும் செய்யும். கட்டுறதால வயிறு உள்ள போகாது. டாக்டர் சரின்னதும் சிறுநீரை அடக்குற மாதிரி அடித்தசையை இறுக்கி விடுற பயிற்சி, அப்புறம் மெதுவா நடை. தையல் மேல எலாஸ்டிக் உரசாம இடுப்புக்கு மேல ஏறுற காட்டன் ஜட்டி போடுங்க.

அடுத்த மாசம் தங்கச்சி கல்யாணம், குழந்தைக்கு மூணு மாசம். பட்டுப்புடவை கட்டிட்டு பால் குடுக்கிறது எப்படி? பஸ்லதான் போகணும். – வாசகி, சிவகங்கை

பிளவுஸ் முன்பக்க ஹூக், உள்ள கம்பி இல்லாத நர்சிங் பிரா, பிரெஸ்ட் பேட் நாலஞ்சு பையில. நனைஞ்ச பேடை அப்படியே விடாதீங்க, காம்பு புண்ணாகும், மாத்திடுங்க. முந்தானையை மடிப்பு வச்சு பின் குத்தாம ஒத்தையா விட்டா அதுவே மறைப்பு. குழந்தை முகம் பக்கம் ஊக்கு, அட்டிகை, ஜரிகை எதுவும் குத்தாம பாத்துக்கோங்க, நீள ஆரத்தை முகூர்த்தத்துக்கு மட்டும் போட்டுட்டு கழட்டிடுங்க. மல்லிப்பூ தாராளமா வைங்க, வாசனை ஸ்ப்ரே மட்டும் வேணாம். மண்டபத்துல ஒரு ரூமை உங்களுக்குன்னு முன்கூட்டியே கேட்டு வாங்கிடுங்க, தங்கச்சி வீட்டு கல்யாணம்தானே, கேக்க கூச்சப்படாதீங்க. பஸ்ஸுக்கு சுங்குடியோ ஃபீடிங் குர்தியோ போட்டுட்டு போய் அங்க மாத்திக்கோங்க. 2015-லயே தமிழ்நாடு அரசு பஸ் ஸ்டாண்டுகள்ல தாய்மார் பாலூட்டும் அறை திறந்தாங்க, நேரம் ஆனா அங்க இறங்கி குடுத்துட்டு அடுத்த பஸ்ல போகலாம். பூட்டியிருந்தா டைம் கீப்பர்கிட்ட சாவி கேளுங்க.

லீவு முடிஞ்சு வேலைக்குப் போறவங்களுக்கும் ஒண்ணு. சட்டப்படி 26 வாரம் சம்பளத்தோட மகப்பேறு லீவு மொத ரெண்டு குழந்தைக்கு உண்டு, பிரசவத் தேதிக்கு முந்தின 12 மாசத்துல 80 நாளாவது அந்த இடத்துல வேலை பாத்திருக்கணும். திரும்பி வந்தப்புறம் குழந்தைக்கு 15 மாசம் ஆகிற வரைக்கும் வழக்கமான இடைவேளை போக ரெண்டு தடவை பால் குடுக்க தனி இடைவேளையும் சட்டத்துலயே இருக்கு. சேர்ற மொத நாளே ஹெச்ஆருக்கு மெயில்ல எழுதிக் கேட்டுடுங்க, வாய்ல கேட்டா மறந்துட்டோம்பாங்க.