எமாட் சென்சார் கோர்ஸில் மகனைச் சேர்க்கலாமா?

டிப்ளமோ மெக்கானிக்கல் முடிக்கப்போகும் மகனை, இரும்புத் தகட்டுக்குள் குறை இருக்கிறதா என்று தொடாமலே ஒலியால் சோதிக்கும் எமாட் (EMAT, மின்காந்த முறையில் ஒலி எழுப்பும் கருவி) சென்சார் கோர்ஸில் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் படிக்கட்டும், ஆனால் அது இரண்டாவதாக வர வேண்டிய படிப்பு.

வழக்கமான அல்ட்ராசோனிக் சோதனை என்பது காதுக்குக் கேட்காத ஒலியைத் தகட்டுக்குள் அனுப்பி, எதிரொலியை வைத்துக் குறையைக் கண்டுபிடிப்பது. அதில் ப்ரோபுக்கும் (ஒலியை அனுப்பி வாங்கும் முனை) தகட்டுக்கும் நடுவே தண்ணீரோ ஜெல்லோ வேண்டும். இல்லையென்றால் இடையில் உள்ள காற்றே ஒலியைத் திருப்பி அனுப்பிவிடும். எமாட்டில் இருப்பது ஒரு காந்தமும் கம்பிச் சுருளும். சுருளில் மின்துடிப்பு பாய்ந்ததும் தகட்டின் மேற்பரப்பில் சுழல் மின்னோட்டம் உண்டாகிறது. காந்தப்புலம் அதைத் தள்ள, இரும்பே அதிர்ந்து ஒலி எழுப்புகிறது. அதனால்தான் சூடான தகட்டிலும், லைனில் ஓடிக்கொண்டிருக்கும் தகட்டிலும்கூட இது வேலை செய்யும். ஆனால் சிக்னல் ரொம்பப் பலவீனம். சென்சார் சில மில்லிமீட்டர் விலகினாலே எதிரொலி இரைச்சலில் காணாமல் போகும்.

எமாட்டில் அதிகம் பயன்படும் குறுக்கலை (போகும் திசைக்குக் குறுக்காக அதிரும் ஒலியலை), இரும்பில் நொடிக்குச் சுமார் 3,200 மீட்டர் போகும். 20 மி.மீ. தகட்டின் அடிப்பரப்பிலிருந்து எதிரொலி வர ஏறக்குறைய 12.5 மைக்ரோநொடி. அதில் பாதி நேரத்திலேயே திரையில் ஒரு முகடு எழுந்தால், தகட்டின் நடுவில் லாமினேஷன் (உள்ளே அடுக்காகப் பிரிந்திருக்கும் குறை) இருக்கிறதா என்று சந்தேகப்பட வேண்டும். அது குறையா, வெறும் இரைச்சலா என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம், ஜெல் தடவிச் சாதாரண ப்ரோபை நகர்த்திப் பார்த்துத்தான் வரும்.

அதனால் முதலில் படிக்க வேண்டியது அல்ட்ராசோனிக் லெவல் 2, அதாவது இந்தச் சோதனை செய்பவருக்கான இரண்டாம் நிலைத் தகுதி. இதில் பல பெற்றோர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. எஸ்.என்.டி-டி.சி-1ஏ (SNT-TC-1A) என்ற அமெரிக்க வழிகாட்டி முறையில் தகுதிச் சான்று தருவது வேலை கொடுக்கும் நிறுவனம்தான். வேலை அனுபவ மணிநேரமும் அதில் சேரும். பயிற்சி நிலையத்தின் சான்றிதழோடு எல்லாம் முடிந்துவிடாது. பணம் கட்டுமுன் நேரில் போய்க் கேளுங்கள்: பையன் கையில் எத்தனை மணி நேரம் ப்ரோப் இருக்கும்? குறை உள்ள மாதிரித் தகடுகள் வைத்திருக்கிறார்களா? எமாட் கருவி நிஜமாக இருக்கிறதா, படம் மட்டுமா?

பையனுக்கு எலக்ட்ரானிக்ஸ், சிக்னல் பக்கம் ஆர்வம் இருந்தால் லேட்டரல் என்ட்ரியில் பி.இ. இரண்டாம் ஆண்டு சேர்வதுதான் என் முதல் யோசனை. சென்சாரை வடிவமைக்கும் வேலைக்கு அந்தப் படிப்பு வேண்டும். சென்னை ஐ.ஐ.டி.யிலும் கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையத்திலும் இந்த ஆராய்ச்சி நடக்கிறது.

அப்புறம், கண்ணைச் சோதித்துவிடுங்கள். இந்த வேலையில் கிட்டப் பார்வையை வருடாவருடம் பார்ப்பார்கள், நிற வேறுபாடு தெரிகிறதா என்றும் சோதிப்பார்கள். கண்ணாடி போட்டிருந்தால் தடையில்லை.