வேறு காரின் இன்ஜினைப் பொருத்திய பின் ஆல்டர்னேட்டர் ஏன் சார்ஜ் செய்வதில்லை?

தடித்த வயரை மட்டும் இணைத்திருந்தால், பெரும்பாலும் இப்படித்தான் ஆகும். ‘பி பிளஸ்’ எனும் மின்வெளியீட்டு முனையிலிருந்து பேட்டரியின் நேர்முனைக்குச் செல்லும் அந்த வயர், ஆல்டர்னேட்டரின் முழு ஆம்பியரைத் தாங்கும் தடிமனுடன், பேட்டரி அருகே ஒரு ஃபியூஸும் கொண்டிருக்க வேண்டும். ஆனால் சிக்கல் பொதுவாக ‘எல்’ அல்லது ‘டி பிளஸ்’ எனக் குறித்த மெல்லிய முனையில் இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டின் சார்ஜ் விளக்கு வழியாக வரும் சிறு மின்னோட்டமே ஆல்டர்னேட்டருக்குள் சுழலும் ரோட்டர் சுருளைக் காந்தமாக்கி மின் உற்பத்தியைத் தொடங்கி வைக்கிறது. அவ்விளக்கு எல்இடியாக இருந்தால், அதற்கு இணையாக ஒரு மின்தடையைச் சேர்க்காவிடில் அம்மின்னோட்டம் போதாமல் போகலாம். பேட்டரியின் வோல்டேஜை அறியும் ‘எஸ்’ முனை இருந்தால் அதை நேரே பேட்டரிக்குக் கொண்டுசெல்லுங்கள். இன்ஜினுக்கும் பாடிக்கும் இடையிலான எர்த் பட்டையை மறப்பவர்களும் உண்டு. இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் ஏறத்தாழ 13.8 முதல் 14.5 வோல்ட் காட்டினால் இணைப்பு சரி. இசியூ எனும் இன்ஜின் கணினி கட்டுப்படுத்தும் புதிய ஆல்டர்னேட்டர்களுக்கு மட்டும் இந்த முறை பொருந்தாது.