கடைக் காலண்டரில் ரவி வர்மா ஓவியம்: யாரிடம் அனுமதி வாங்குவது?

கேள்வி: டில்லி கரோல் பாகில் மளிகைக் கடை நடத்துகிறேன். வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்க, கடைப் பெயர் போட்டு தமிழ் மாதக் காலண்டர் அடிக்கப் போகிறேன். ரவி வர்மா, ஜாமினி ராய் ஓவியங்கள், நேஷனல் மியூசியத்தில் உள்ள சோழர் கால நடராஜர், நானே எடுத்த குதுப் மினார், கடைசித் தாளில் காந்தி படம். இதுதான் திட்டம். "எல்லாம் தேசியச் சொத்து, கவர்ன்மென்ட் லெட்டர் இல்லாமல் அடிக்க முடியாது" என்கிறார் பிரஸ்காரர். லெட்டரை யாரிடம் வாங்க வேண்டும்?

பதில்: எல்லாப் படத்துக்கும் சேர்த்து ஒரே லெட்டர் கொடுக்கும் ஆபீஸ் எதுவும் கிடையாது. ரவி வர்மா, ஜாமினி ராய் இருவரின் ஓவியங்களுமே 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தேசியக் கலைக் கருவூலங்கள்தான். ஆனால் அந்தச் சட்டம் மூல ஓவியம் வெளிநாடு போகாமல் தடுப்பதற்கானது. படத்தை அச்சிடுவது 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் வரும். அங்கே பார்க்க வேண்டியது ஓவியர் இறந்த வருடம். அதற்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 ஆண்டுகளுக்கு உரிமை உண்டு.

ரவி வர்மா காலமானது 1906-இல். தாராளமாகப் போடுங்கள். ஜாமினி ராய் மறைந்ததோ 1972-இல். 2032 முடியும்வரை உரிமை அவருடைய வாரிசுகளிடம் இருக்கிறது. ஓவியம் மியூசியச் சுவரில் தொங்குவதாலேயே உரிமை மியூசியத்துக்குப் போய்விடாது. ஆகவே மியூசியம் லெட்டர் கொடுத்தாலும் அது மட்டும் போதாது. வாரிசுகளின் எழுத்துபூர்வ சம்மதம் கிடைக்காவிட்டால் அந்தப் படத்தை விட்டுவிடுங்கள். ஒரு கலைஞரின் குடும்பத்துக்குச் சேர வேண்டியதை நாம் மதித்தே ஆக வேண்டும்.

சில இணையதளங்கள் ரவி வர்மா ஓவியத்தின் மேலேயே தங்கள் பெயரை முத்திரையாகப் போட்டு வைத்திருக்கும். ஓவியத்தை நேராக வைத்து, உள்ளது உள்ளபடி எடுத்த போட்டோவுக்குப் புதிதாக உரிமை பிறக்காது என்பதே என் கருத்து. வெறும் உழைப்பும் செலவும் போதாது, கொஞ்சமாவது படைப்புத்திறன் வேண்டும் என்று ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

நடராஜர் கதை வேறு. வெண்கலச் சிலைக்குப் பதிப்புரிமை இல்லை. ஆனால் அதைப் போட்டோ எடுப்பவர் எங்கே நிற்பது, ஒளியை எந்தப் பக்கத்திலிருந்து விடுவது, திருவாசியின் சுடர்களில் எத்தனை தெரிய வேண்டும் என்றெல்லாம் முடிவு செய்கிறார். அந்தப் போட்டோ அவருடைய படைப்பு. நெட்டிலிருந்து எடுத்தால் அவரிடம் கேட்டாக வேண்டும். நீங்களே எடுத்தால் உரிமை உங்களுக்கு. ஆனால் வணிகத்துக்குப் படம் பயன்படுத்துவது பற்றி மியூசியம் நிபந்தனை வைத்திருக்கிறதா என்று டிக்கெட் கவுன்ட்டரிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அந்த நிபந்தனை பதிப்புரிமை ஆகாது என்றாலும், ஏற்றுக்கொண்டு உள்ளே போனால் அது உங்களைக் கட்டுப்படுத்தும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் மியூசியம், 2017 முதல், பதிப்புரிமை முடிந்த பொருள்களின் படங்களை யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டிருக்கிறது. அங்குள்ள சோழர் வெண்கலங்களின் தரமான படங்களையும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். நம் வரிப்பணத்தில் நடக்கும் மியூசியங்களும் இதைச் செய்ய வேண்டும். தஞ்சை மண்ணின் சிலையை அச்சிட டில்லித் தமிழர் நியூயார்க் பக்கம் போக வேண்டியிருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

குதுப் மினார் படம் உங்களுடையது, பிரச்சினை இல்லை.

காந்தி படத்தில்தான் மாட்டிக்கொள்வீர்கள். அதற்கு 1950-ஆம் ஆண்டின் சின்னங்கள், பெயர்கள் சட்டம் இருக்கிறது. காலண்டரில் அவர் படத்துக்கு விலக்கு உண்டு. ஆனால் காலண்டரைத் தயாரித்தவர், அச்சிட்டவர் பெயர்கள் மட்டுமே இருக்க வேண்டும், பொருள்களுக்கு விளம்பரமாகவும் அது பயன்படக் கூடாது. உங்களுடையது கடை விளம்பரக் காலண்டர். அந்தத் தாளுக்கும் ரவி வர்மாவிடமிருந்தே இன்னொரு ஓவியத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.