சொந்த விமானத்தை விற்கப் போகிறீர்களா? முதலில் லாக்புக்கை எடுங்கள்

கேள்வி: என்னிடம் 1982இல் தயாரான செஸ்னா 172 இருக்கிறது. 160 குதிரைத்திறன் லைகாமிங் ஓ-320 எஞ்சின். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஓவர்ஹால் (முழுவதும் பிரித்துச் சீர்செய்தல்) செய்தபின் 1,650 மணி நேரம் ஓடியிருக்கிறது. பராமரிப்பில் ஒருநாளும் குறை வைத்ததில்லை. விற்பதற்கு முன் எஞ்சினை ஓவர்ஹால் செய்து, பெயின்ட்டும் அடித்துவிட்டால் நல்ல விலை வருமா? வாங்குபவர் எதையெல்லாம் பார்ப்பார்? கைமாற்றும்போது எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: ஓவர்ஹாலும் வேண்டாம், பெயின்ட்டும் வேண்டாம். நீங்கள் நன்றாகப் பராமரித்தது உங்களுக்குத் தெரியும். வாங்குபவருக்குத் தெரிய வேண்டுமென்றால் அது தாளில் இருக்க வேண்டும். உங்கள் நேரத்தையும் பணத்தையும் அங்கே செலவிடுங்கள்.

ஓவர்ஹால் ஏன் வேண்டாம் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். இந்த எஞ்சினுக்கு லைகாமிங் பரிந்துரைக்கும் ஓவர்ஹால் இடைவெளி 2,000 மணி நேரம், அல்லது 12 ஆண்டு. விலை மதிப்பிடும்போது பாதி ஆயுள் ஓடிய எஞ்சினை, அதாவது 1,000 மணி நேரத்தை, அடிப்படையாக வைத்துக்கொள்வது வழக்கம். உங்களுடையது அதைவிட 650 மணி நேரம் கூடுதலாக ஓடியிருப்பதால் ஓவர்ஹால் செலவில் 32.5 சதவீதத்தை விலையில் கழிக்க வேண்டும். புதிதாக ஓவர்ஹால் செய்தால் 50 சதவீதம் கூட்டலாம். ஆக, முழுச் செலவு செய்தும் விலை உயர்வது அதில் 82.5 சதவீதம்தான், மீதி உங்கள் கைக்காசு. அதோடு எஞ்சினைக் கழற்றி மாட்டும் கூலி, புதிய ஹோஸ்கள், வேலை முடியும்வரை விமானம் தரையில் நிற்கும் மாதங்கள் எல்லாம் சேரும். தெரிந்த வாங்குபவர்கள் பலரும், தாங்கள் நம்பும் பட்டறையில் தாங்களே ஓவர்ஹால் செய்துகொள்ளத்தான் விரும்புவார்கள். விற்பதற்காக அவசரமாகச் செய்த வேலையோ என்ற ஐயமும் அவர்களுக்கு வரும்.

பெயின்ட்டும் அப்படித்தான். விற்பனைக்குச் சற்று முன் பூசிய பெயின்ட்டைக் கண்டால், அடியில் அரிப்பை மறைத்திருக்கிறார்களோ என்றுதான் தோன்றும். தவிர, எய்லரான், எலிவேட்டர், ரட்டர் ஆகிய அசையும் கட்டுப்பாட்டுப் பரப்புகளுக்குப் பெயின்ட் அடித்தால் எடைச் சமநிலையைத் திரும்பச் சரிபார்த்துப் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவு இல்லாத புதுப் பெயின்ட் விலையைக் குறைத்துவிடும். கீறல் விழுந்த கண்ணாடியை மெருகேற்றுவது, தேய்ந்த டயர், எரியாத விளக்கு, கிழிந்த கதவு ரப்பர் இவற்றை மாற்றுவது போதும்.

இனி லாக்புக், அதாவது பராமரிப்புப் பதிவேடு. ஏர்ஃபிரேம் (விமானத்தின் உடல்பகுதி), எஞ்சின், புரொப்பெல்லர் மூன்றுக்கும் முதல் நாளிலிருந்து தொடர்ச்சி இருக்கிறதா என்று பக்கம் பக்கமாகப் பாருங்கள். இடையில் ஒரு புத்தகம் காணாமல் போயிருந்தால், விளம்பரம் கொடுப்பதற்கு முன்பே பழைய பட்டறைகளிடம் வேலைச் சீட்டுகளின் நகல் கேட்டுத் திரட்டுங்கள். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஒரே கோப்பாக வையுங்கள். மூலப் பிரதி உங்கள் கையை விட்டுப் போகக் கூடாது.

அடுத்து ஏ.டி. பட்டியல், அதாவது கட்டாய வான்தகுதி உத்தரவுகள். ஒவ்வொன்றுக்கும் எண், நிறைவேற்றிய தேதி, அப்போதைய மணி நேரம், எந்த முறையில் நிறைவேற்றப்பட்டது, திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியதென்றால் அடுத்த தவணை எப்போது என்று எழுதியிருக்க வேண்டும். ‘ஏ.டி. எல்லாம் சரி’ என்ற ஒற்றை வரி யாருக்கும் பயன்படாது. உங்கள் ரக செஸ்னாவில் இருக்கைத் தண்டவாளச் சோதனையை முதலில் தேடுவார்கள். துளைகள் தேய்ந்து பூட்டு பிடிக்காவிட்டால், விமானம் மேலெழும்போது இருக்கை பின்னால் நழுவும். விமானி கட்டுப்பாட்டுச் சக்கரத்தையும் சேர்த்து இழுத்துவிடுவார். இதனால் உயிர்கள் போயிருக்கின்றன.

புரொப்பெல்லர் எப்போதாவது தரையில் உரசியிருந்தால் மறைக்காதீர்கள். அப்படி நடந்த லைகாமிங் எஞ்சின்களில் புரொப்பெல்லரைச் சுழற்றும் தண்டான கிராங்க்ஷாஃப்ட்டின் பின்பக்கப் பல்சக்கரத்தைச் சோதிக்கச் சொல்லி 2004இல் ஏ.டி. வந்தது. சோதித்த பதிவு இருந்தால் பழைய விபத்தை வாங்குபவர் ஏற்றுக்கொள்வார். மறைத்தது பின்னால் தெரிந்தால் பேரம் முறியும். விற்றபின் தெரிந்தால் வழக்கு வரும். பின்னாளில் பொருத்திய கருவிகள் ஒவ்வொன்றுக்கும் ஒப்புதல் தாள் இருக்க வேண்டும். எடை, சமநிலைத் தாளிலும் அவை ஏறியிருக்க வேண்டும்.

விற்பனைக்கு வைத்துவிட்டோம் என்று விமானத்தை நிறுத்தி வைப்பதுதான் நல்ல எஞ்சினைக் கெடுக்கும் வழி. லைகாமிங்கில் வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட் கிராங்க்ஷாஃப்ட்டுக்கு மேலே இருக்கிறது. ஓடாமல் நின்றால் ஆயில் வழிந்து இறங்கிவிடும். ஈரக் காற்றில் கேம் முனைகளில் துரு பிடிக்கும். அடுத்து ஓடும்போது அந்தப் புள்ளிகள் கேம் தள்ளும் டேப்பெட்டின் முகத்தைக் கொத்தி எடுக்கும். விளைவு, ஆயில் ஃபில்டரில் இரும்புத் துகள். 30 நாளுக்கு ஒருமுறையாவது, ஆயில் வெப்பம் 74 முதல் 93 டிகிரி செல்சியஸ் வரை ஏறிய நிலையில், தொடர்ந்து ஒரு மணி நேரம் பறக்க வேண்டும். தரையிலேயே சற்று நேரம் ஓட்டி அணைப்பது அதற்கு ஈடாகாது. ஆயிலில் சேர்ந்த நீர் ஆவியாகாமல் உள்ளேயே தங்கி அமிலமாகும். ஆயிலை 50 மணி நேரத்துக்கு ஒருமுறை, அல்லது நான்கு மாதத்துக்கு ஒருமுறை, எது முன்னால் வருகிறதோ அப்போது மாற்றுங்கள். ஒவ்வொரு முறையும் ஃபில்டரை வெட்டித் திறந்து படம் எடுத்து வையுங்கள். ஆயில் பரிசோதனையை ஒரே ஆய்வகத்தில் செய்துவந்திருந்தால் அந்த வரிசையும் நல்ல சான்று.

சிலிண்டர்களில் காற்று கசிகிறதா என்று பார்க்கும் கம்ப்ரஷன் சோதனையை எஞ்சின் சூடாக இருக்கும்போது செய்யச் சொல்லுங்கள். 80 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் காற்று செலுத்தினால் நான்கு சிலிண்டர்களிலும் நிற்கும் அழுத்தம் 70க்கு மேல், ஒன்றுக்கொன்று 5க்குள் இருப்பது நிம்மதியான நிலை. வித்தியாசம் 10, 15 என்று விரிந்தால் காரணம் தேட வேண்டும். 60க்குக் கீழே போனால் அந்தச் சிலிண்டரைக் கழற்றும் பேச்சு வரும். ஆனால் இந்த எண்ணை மட்டும் நம்பக் கூடாது. ஒரே வாரத்தில்கூட அது மாறும். சிலிண்டருக்குள் நுழைக்கும் சிறு கேமராவான போரஸ்கோப் வழியாக எக்ஸாஸ்ட் வால்வுகளைப் படமெடுங்கள். வால்வு முகத்தில் நிற வளையங்கள் வட்டமாக இருந்தால் நல்லது. ஒரு ஓரத்தில் மட்டும் பிறைபோல் நிறம் மாறியிருந்தால் அங்கே வால்வு சரியாகப் படியாமல் சூடாகிறது என்று பொருள். இதை வாங்குபவர் கண்டுபிடிப்பதற்கு முன் நீங்கள் கண்டுபிடித்தால் விலை பேசும் பிடி உங்களிடம் இருக்கும். தீப்பொறிக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோவின் 500 மணி நேரச் சோதனை எப்போது நடந்தது என்பதும் பலர் கேட்கும் கேள்வி.

விளம்பரத்தில் ஏர்ஃபிரேமின் மொத்த மணி நேரம், ஓவர்ஹால் நடந்த ஆண்டு, செய்த பட்டறை, புரொப்பெல்லரின் வயது, ஆண்டுச் சோதனை முடிந்த தேதி, விபத்து வரலாறு, எடைத் தாளில் உள்ளபடி சுமக்கக்கூடிய எடை இவ்வளவும் இருக்கட்டும். சிலிண்டர்களை மட்டும் மாற்றியது டாப் ஓவர்ஹால். அதை முழு ஓவர்ஹாலாகக் காட்டாதீர்கள். உற்பத்தியாளரோ அவர் அங்கீகரித்த நிறுவனமோ மறுகட்டமைத்த எஞ்சினைத்தான் ‘சீரோ டைம்’ என்று சொல்லலாம்.

வாங்குபவரின் சோதனைக்கு, இந்த விமானத்தில் இதுவரை கை வைக்காத மெக்கானிக்கை அவரே தேர்ந்தெடுக்கட்டும். அதற்கு முன் முன்பணம் வாங்கி ஒப்பந்தம் எழுதிவிடுங்கள். வான்தகுதியைப் பாதிக்கும் குறை கிடைத்தால் எந்தத் தொகைவரை நீங்கள் ஏற்பீர்கள், அழகுக் குறைகளுக்கு விலை குறையாது, பேனல்களைத் திறந்து மூடும் கூலி யாருடையது, பாதியில் விலகினால் திரும்ப மூடிக் கொடுப்பது யார் என்பதெல்லாம் அதில் வரட்டும். அந்தச் சோதனையை ஆண்டுச் சோதனையாகப் பதிவு செய்ய மட்டும் சம்மதிக்க வேண்டாம். அப்படிப் பதிவானால், வாங்க மறுத்துவிட்டு அவர் போனபின் குறைப் பட்டியலோடு விமானம் உங்கள் தலையில் நிற்கும். சோதனைப் பறப்பில் உங்கள் காப்பீட்டில் பெயர் உள்ளவரே விமானியாக இருக்க வேண்டும்.

கைமாற்றும் நாளில் எஸ்க்ரோ (மூன்றாம் தரப்பு பணத்தை வைத்திருந்து கொடுக்கும் ஏற்பாடு) வழியாகப் பணம் வருவது இரு தரப்புக்கும் பாதுகாப்பு. விமானத்தின் மேல் கடன் இருந்திருந்தால், அடைத்ததற்கான விடுவிப்புத் தாள் பதிவேட்டிலும் ஏறியிருக்க வேண்டும். பெரிய விமானங்களுக்கு விமானங்களின் மேலுள்ள கடன் உரிமைகளைப் பதியும், 2001 கேப் டவுன் உடன்படிக்கையின் சர்வதேசப் பதிவேட்டையும் பார்க்க வேண்டும். அது குறைந்தது எட்டுப் பேரை அல்லது 2,750 கிலோவுக்கு மேல் சரக்கைச் சுமக்கும் ரகங்களுக்கானது. உங்கள் 172க்குப் பொருந்தாது. வேறு நாட்டுக்கு விற்றால் ஏற்றுமதி வான்தகுதிச் சான்றும், உங்கள் நாட்டுப் பதிவை ரத்து செய்வதும் தேவை. இவற்றை யார் செய்வது, யார் செலவு என்று முன்பே எழுதிக்கொள்ளுங்கள்.

விற்பனைப் பத்திரத்தில் தொடர் எண், பதிவு எண் ஆகியவற்றோடு ஒப்படைத்த தேதியையும் நேரத்தையும் நிமிடம்வரை குறியுங்கள். அந்த நொடியிலிருந்து பொறுப்பு யாருடையது என்பதை அதுதான் தீர்மானிக்கும். பணம் வந்தது உறுதியாகி, விற்பனையைப் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்கும்வரை காப்பீட்டை ரத்து செய்யாதீர்கள். லாக்புக் மூலப் பிரதிகளையும் அப்போதுதான் கொடுக்க வேண்டும். அவசரகால ரேடியோ பீக்கன் 406 மெகாஹெர்ட்ஸ் ரகமென்றால், அதன் பதிவிலிருந்து உங்கள் பெயரையும் தொலைபேசி எண்ணையும் நீக்கி, புதிய உரிமையாளர் தன் விவரங்களைப் பதியச் செய்யுங்கள். இல்லையென்றால், பீக்கன் ஒலிக்கும் நாளில் மீட்புக் குழு உங்களை அழைத்து, நேரத்தை வீணாக்கும்.