சாதாரண மைல்டு ஸ்டீல் ராடால் வெல்டிங் செய்த கியர்பாக்ஸ் ஹவுசிங் (வெளிக்கூடு), போட்ட வெல்டிங்கின் விளிம்பை ஒட்டியே மயிரிழையாக மறுபடி விரிசல் விடுகிறது. ஏன்? எப்படிச் சரிசெய்வது?

கேள்வியில் இரண்டு விவரங்கள் கவனிக்க வேண்டியவை. சாதாரண மைல்டு ஸ்டீல் ராடு போட்டிருக்கிறார்கள். புது விரிசல் பழைய இடத்தில் வராமல், வெல்டிங்கின் விளிம்பை ஒட்டி மயிரிழையாக ஓடியிருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஹவுசிங் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. ராடை மட்டும் மாற்றினால் தீராது, சூட்டைக் கையாளும் விதத்தையும் மாற்ற வேண்டும்.

கிரே காஸ்ட் அயர்னில், அதாவது வழக்கமான வார்ப்பிரும்பில், கார்பன் சுமார் 2.5 முதல் 4 சதவீதம். மைல்டு ஸ்டீலில் 0.25 சதவீதம்கூட இருக்காது. அத்தனை கார்பனும் கிராஃபைட் செதில்களாக ஒதுங்கிக் கிடக்கும்வரை தொல்லையில்லை. ஆர்க் பட்ட இடத்தில் அது கரைகிறது. சுற்றியுள்ள கனத்த இரும்பு சூட்டை உடனே உறிஞ்சிக்கொள்வதால் அந்த இடம் சட்டென்று ஆறி, விளிம்பில் கண்ணாடி மாதிரி நொறுங்கும் ஒரு பட்டை உருவாகிறது. அதே நேரத்தில் போட்ட வெல்டிங் ஆறிச் சுருங்கி இழுக்கிறது. ஸ்டீல் என்றால் கொஞ்சம் நீண்டு கொடுக்கும். வார்ப்பிரும்புக்கு நீளத் தெரியாது, விட்டுவிடும். இனி சொல்லப்போகும் வேலை எல்லாமே இந்த இழுவையைக் குறைப்பதற்குத்தான்.

முதலில் உலோகத்தை உறுதிசெய்யுங்கள். ஓரத்தில் சின்னதாக டிரில் போட்டுப் பாருங்கள். தூளாக உதிர்ந்தால் கிரே காஸ்ட் அயர்ன், நீளச் சுருளாக வந்தால் ஸ்டீல். கிரைண்டரில் வார்ப்பிரும்பின் பொறி மங்கிய சிவப்பாகக் குட்டையாக விழும், ஸ்டீலின் பொறி மஞ்சளாக நீண்டு பறக்கும். வார்ப்பு ஸ்டீல் என்று தெரிந்தால் கவலை பாதி குறைந்தது: 300 முதல் 350 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரம் உலர்த்திய 7018 ராடு (ஹைட்ரஜன் குறைந்த ஸ்டீல் ராடு), தடிமனைப் பொறுத்து 100 முதல் 200 டிகிரி முன்சூடு, நிதானமாக ஆறவிடுவது. கீழே உள்ளது வார்ப்பிரும்புக்கு.

ராடைக் கையில் எடுப்பதற்கு முன், விரிசல் ஏன் வந்தது என்று பாருங்கள். தளர்ந்த அஸ்திவார போல்ட், நேர்கோட்டில் இல்லாத கப்ளிங், நான்கு கால்களில் ஒன்று தரையில் சரியாக உட்காராதது, இவைதான் வழக்கமான காரணங்கள். இதைச் சரிசெய்யாமல் எவ்வளவு அழகாக வெல்டிங் செய்தாலும் அடுத்த பலவீனமான இடத்தில் விடும்.

பேரிங், ஆயில் சீல், ஷாஃப்ட் எல்லாவற்றையும் கழற்றுங்கள். கழற்ற முடியவில்லை என்றால் எர்த் கிளாம்பை வெல்டிங் செய்யும் இடத்தை ஒட்டியே மாட்டுங்கள். கரண்ட் பேரிங் வழியாகப் போனால் உருளைகளிலும் அவை ஓடும் வளையமான ரேஸிலும் புள்ளி புள்ளியாக எரிந்துவிடும், ஒரு மாதம் கழித்துத்தான் சத்தம் போடும். வண்டி மாதிரி நகரும் இயந்திரமாக இருந்தால் பேட்டரியையும் மின்னணுப் பெட்டிகளின் இணைப்புகளையும் பிரித்துவிடுங்கள். ஆயில் இருந்த அறையை மூடிய நிலையில் சூடாக்கவே கூடாது, எல்லா மூடியும் திறந்திருக்கட்டும். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தில் ஆர்க் அடித்தால் ஃபாஸ்ஜீன் என்ற விஷவாயு உண்டாகலாம். இதைப் பல பட்டறைகளில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எடுத்துக்கொள்ளுங்கள்.

விரிசலின் உண்மையான நீளம் கண்ணுக்குத் தெரிவதைவிட அதிகம். டை பெனிட்ரண்ட் (விரிசலுக்குள் ஊடுருவும் சிவப்புச் சாயம்) அடித்து 10 முதல் 20 நிமிடம் ஊறவிட்டு, துடைத்து, டெவலப்பர் போட்டால் சிவப்புக் கோடாகக் காட்டும். அந்தக் கோட்டின் இரு முனைகளையும் சில மில்லிமீட்டர் தாண்டி 4 முதல் 6 மி.மீ. ஓட்டை போடுங்கள். இல்லையென்றால் நீங்கள் வெல்டிங் செய்துகொண்டிருக்கும்போதே விரிசல் முன்னால் நகரும். பழைய மைல்டு ஸ்டீல் வெல்டிங்கையும் அதை ஒட்டிய கடினப் பட்டையையும் முழுவதும் எடுத்துவிட்டு, 60 முதல் 90 டிகிரி வரை திறந்த வீ பள்ளம் வெட்டுங்கள். கூர் மூலை எங்கும் வேண்டாம். கிரைண்டிங் கல் கிராஃபைட்டை மேற்பரப்பில் ஈஷிவிடும், அதன்மேல் வெல்டிங் ஒட்டாமல் உருண்டு ஓடும். அதனால் கடைசி வெட்டை பர் கட்டராலோ அரத்தாலோ முடிப்பது நல்லது.

வருடக்கணக்கில் ஆயிலில் ஊறிய வார்ப்பிரும்பு பஞ்சு மாதிரி எண்ணெயைக் குடித்திருக்கும். டார்ச்சால் பரவலாக, மெதுவாகச் சூடாக்கிப் புகை நிற்கும்வரை எரித்து எடுங்கள். அப்படியும் முதல் ரன் (ஒரு தடவை போடும் வெல்டிங் கோடு) பொங்கிப் பொங்கி ஓட்டை விழுந்தால் அதைக் கிரைண்டரால் எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள். இரண்டு மூன்று தடவை இப்படி எடுத்துப் போட வேண்டியிருக்கலாம். சோம்பல்பட்டு மேலே மூடினால் ஆயில் அந்த வழியாகவே கசியும்.

ராடு விஷயத்தில் நிக்கல்தான். கிட்டத்தட்ட முழு நிக்கல் ராடு மிருதுவானது, பிறகு மெஷினிங் செய்ய வேண்டிய இடத்துக்கு ஏற்றது. 55 சதவீத நிக்கல்-இரும்பு ராடு வலுவானது, விலையும் குறைவு. தடிமனான சுவருக்கும் எஸ்.ஜி. அயர்னுக்கும் (கிராஃபைட் உருண்டையாக உள்ள வார்ப்பிரும்பு) வார்ப்பிரும்போடு ஸ்டீலைச் சேர்ப்பதற்கும் இதையே எடுக்கலாம். கியர்பாக்ஸுக்கு என் தேர்வும் 55தான். 2.5 மி.மீ. ராடுக்கு 60 முதல் 80 ஆம்பியர், 3.15க்கு 80 முதல் 110 ஆம்பியர் என்ற கணக்கில், பெட்டியில் போட்டிருக்கும் அளவின் கீழ்ப் பக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இனிதான் பொறுமை. ஒரு தடவைக்கு 25 மி.மீ. நீளம் மட்டும், ஆட்டாமல் நேராக ஒரு ரன். முடிவில் உள்ள குழியை நிரப்பிவிட்டு ஆர்க்கை விடுங்கள். உடனே, அது இன்னும் சூடாக இருக்கும்போதே, உருண்டை முனை சுத்தியலால் மேற்பரப்பு முழுவதும் சிறு சிறு தட்டாகத் தட்டுங்கள். சுருங்கப் போகும் உலோகத்தை விரித்துக் கொடுப்பதே இதன் வேலை, கசடு உதிர்வது உபரி. பிறகு பக்கத்தில் கையை வைத்தால் வைத்தபடி இருக்க முடியும் அளவுக்கு, அதாவது 40-50 டிகிரிக்கு ஆறும்வரை காத்திருங்கள். அடுத்த 25 மி.மீ. இதன் தொடர்ச்சியாக வேண்டாம், விரிசலின் வேறொரு பகுதியில் போடுங்கள். 300 மி.மீ. விரிசலில் ஒரு அடுக்குக்கே 12 துண்டு, ஒவ்வொன்றுக்கும் இடையே காத்திருப்பு. முழு நாள் ஓடிவிடும். அவசரத்தில் காற்றடித்தோ தண்ணீர் தெளித்தோ ஆற்றினால் ஆரம்பித்த இடத்துக்கே திரும்புவீர்கள். ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்டால் நிறுத்துங்கள், அது விட்டுவிட்ட சத்தம்.

முழு ஹவுசிங்கையும் 260 முதல் 650 டிகிரி வரை சூடாக்கி, அந்தச் சூடு குறையாமல் வெல்டிங் செய்து, காய்ந்த மணலிலோ சூடுதாங்கும் போர்வையிலோ புதைத்து ஒரு நாள் ஆறவிடுவது இன்னொரு முறை. சின்ன வார்ப்புக்கு அருமையானது. போர் (பேரிங் உட்காரும் துளை) உள்ள பெரிய ஹவுசிங்கை அப்படிச் சூடாக்கினால் கோணிக்கொள்ளும். இரண்டு முறைகளுக்கும் நடுவே, ஒரு பக்கம் மட்டும் டார்ச் காட்டிவிட்டு வெல்டிங் செய்வதுதான் மிக மோசம்.

சுவர் 25 மி.மீ.க்கு மேல் தடிமனாக, பாரம் தாங்கும் இடமாக இருந்தால், பள்ளத்தின் இரு சரிவிலும் ஓட்டை போட்டு மரை வெட்டி, 8 அல்லது 10 மி.மீ. ஸ்டீல் ஸ்டட்களை முறுக்கி 5-6 மி.மீ. வெளியே நீட்டி வைத்து, முதலில் அவற்றைச் சுற்றி வெல்டிங் செய்யுங்கள். இழுவையை விளிம்பு தாங்காது, ஸ்டட் தாங்கும்.

விரிசல் பேரிங் போருக்குள் போயிருந்தால் நேர்மையாக யோசியுங்கள். 200 மி.மீ. போரில் எச்7 டாலரன்ஸ் (அனுமதிக்கப்படும் அளவு வித்தியாசம்) மொத்தமே 0.046 மி.மீ., ஒரு தலைமயிரைவிட மெல்லியது. இரண்டு பாதிகளையும் போல்ட் போட்டு முறுக்கி, போருக்குள் டம்மி வளையம் வைத்து வெல்டிங் செய்தாலும் லைன் போரிங் (போர்களை ஒரே நேர்கோட்டில் மறுபடி கடைவது) தேவைப்படும் என்றே திட்டமிடுங்கள். வேலைக்கு முன்பும் பின்பும் போர் கேஜால் மூன்று திசைகளில் அளந்து எழுதிவையுங்கள். சூடே படக்கூடாத இடத்துக்கு, விரிசல் நெடுக ஓட்டை போட்டு ஊசிகளும் பூட்டுகளும் அறையும் மெட்டல் ஸ்டிச்சிங் இருக்கிறது. பெரிய ஹவுசிங்குக்கு வெல்டிங்கைவிட அதையே முதலில் விசாரிப்பேன்.

முடித்தபின் ஒரு நாள் விட்டு மறுபடி டை பெனிட்ரண்ட். கசிவு பார்க்க, வெளிப்பக்கம் சுண்ணாம்பு பூசி உலர்த்தி, உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றிச் சில மணி நேரம் வையுங்கள், எங்கே விட்டாலும் சுண்ணாம்பில் கறை காட்டும். மாட்டும்போது போல்ட்களை ஒவ்வொன்றாகத் தளர்த்தி டையல் கேஜில் கால் எழும்புகிறதா என்று பாருங்கள். 0.05 மி.மீ.க்கு மேல் எழும்பினால் ஷிம் (மெல்லிய தகடு) போட்டு நிரப்பிய பிறகே முறுக்குங்கள்.