பனிமூட்டத்துல மலை ஏறலாமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அடுத்த மாசம் ஃப்ரெண்ட்ஸோட ட்ரெக்கிங் போறோம். மேல போனா பனி மூடிடும், பத்தடி தள்ளி நிக்கிற ஆளுகூட தெரியாதுன்னு போனவங்க எல்லாம் பயமுறுத்துறாங்க. எங்க குரூப்ல ஒருத்தன் மட்டும் போன்ல மேப் இருக்கு, அப்புறம் என்னன்றான். அது போதுமா?

பதில்: பாதி சரி. மேகம் மூடினாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். ஆனா குளிர்ல பேட்டரி மடமடன்னு இறங்கிடும், மழையில நனைஞ்ச ஸ்கிரீன் நீங்க ஒண்ணைத் தொட்டா வேற ஒண்ணைத் திறக்கும், அதனால பேப்பர் மேப்பும் காம்பஸும் கண்டிப்பா வேணும். காம்பஸை போன் பக்கத்துல வச்சுப் பாக்காதீங்க, முள் தப்பா காட்டும்.

"நேரா நடந்தா போய்ச் சேர்ந்துடலாம்"னு யாராவது சொன்னா நம்பவே நம்பாதீங்க. 2009ல ஜெர்மனியில மாக்ஸ் பிளாங்க் இன்ஸ்டிடியூட்காரங்க ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க, சூரியன் தெரியாத மேகமூட்டமான நாள்ல காட்டுக்குள்ள நேரா நடக்கச் சொன்னவங்க வட்டமடிச்சு, தாங்க வந்த வழியையே கவனிக்காம தாண்டிப் போயிருக்காங்க, கண்ணைக் கட்டி விட்டப்போ சில பேர் வெறும் 20 மீட்டர் அகலத்துக்குள்ளயே சுத்தியிருக்காங்க. பனிமூட்டத்துல நம்ம நிலைமையும் கிட்டத்தட்ட அதுதான்.

அதனால மேகம் வர்றது தெரிஞ்ச உடனே, மூடுறதுக்கு முன்னாடியே நின்னு, மேப்ல இப்ப எங்க இருக்கோம்னு குறிச்சு மணியும் பாத்துக்கங்க. மூடினப்புறம் தேடுறது ரொம்பக் கஷ்டம். அங்கேர்ந்து நேரத்தை வச்சே தூரத்தை ஓரளவு சொல்லிடலாம். 1892லயே நெய்ஸ்மித்னு ஒருத்தர் போட்ட கணக்கு இருக்கு, மணிக்கு 5 கிலோமீட்டர், ஏறுற ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூட ஒரு மணி நேரம். பனியில இதைவிட மெதுவாத்தான் போவீங்க.

என்னைக் கேட்டா, பனியைவிட ஆபத்து பதறிப்போய் கண்ட பக்கம் கீழ இறங்குறதுதான். ஓடையைப் பிடிச்சுட்டே போனா ஊர் வந்துடும்னு நினைப்போம், ஆனா தண்ணிக்கு அருவியா விழுறதுல ஒரு பிரச்சினையும் இல்ல, நமக்குத்தான் பிரச்சினை. சந்தேகம் வந்தா வந்த வழியே திரும்புங்க. கடைசியா உறுதியா தெரிஞ்ச இடம் வரைக்கும் போனாக்கூட போதும்.

குளிரையும் லேசா எடுத்துக்காதீங்க. 1000 மீட்டர் ஏறினா சராசரியா ஆறரை டிகிரி குறையும், நனைஞ்ச உடம்புல காத்தும் அடிச்சா கேக்கவே வேணாம். ஜீன்ஸ், காட்டன் டீ-ஷர்ட் எல்லாம் வேண்டாம். நடுங்கிட்டு இருக்கிறவன் பேச்சு குழறி, கால் தடுமாற ஆரம்பிச்சா உடம்பு உள்சூடு 35 டிகிரிக்குக் கீழ போயிட்டிருக்குன்னு எடுத்துக்கங்க, உடனே காத்து படாத இடத்துல உக்கார வச்சு ஈரத்துணியை மாத்துங்க. உச்சி அடுத்த தடவை பாத்துக்கலாம்.

கேள்வி: தலையில மாட்டுற ஹெட்லைட் போட்டா பனியில வெள்ளையா மட்டும்தான் தெரியுது, லைட் கோளாறா?

பதில்: இல்லீங்க. வெளிச்சம் பனித்துளிகள்ல பட்டு நேரா உங்க கண்ணுக்கே திரும்பி வருது. தலையிலேர்ந்து கழட்டி இடுப்பு உயரத்துல பிடிச்சு, வெளிச்சத்தைக் குறைச்சு தரையைப் பாத்து அடிங்க.

கேள்வி: விசில் எதுக்கு?

பதில்: வழி தவறிட்டா உதவிக்குக் கூப்பிடத்தான். கத்தினா தொண்டை போயிடும், விசில் போகாது. ஒரு நிமிஷத்துல 6 தடவை ஊதி, ஒரு நிமிஷம் விட்டு மறுபடி ஊதணும். பதிலுக்கு 3 தடவை கேட்டா யாரோ வர்றாங்கன்னு அர்த்தம், ஆனா அவங்க வந்து சேர்ற வரைக்கும் நீங்க ஊதிட்டே இருக்கணும், இடத்தை விட்டு நகரக்கூடாது.