கையடக்க லினக்ஸ் கணினியில் வழிகாட்டியும் வீடியோவும்: கேள்வி பதில்

கேள்வி: என் கையடக்கக் கணினியில் ஜிபிஎஸ் இல்லை. யுஎஸ்பி ரிசீவர் வாங்கிச் செருகினேன். மேப் செயலியில் நான் இருக்கும் இடம் வரவே இல்லை. ரிசீவர் பழுதா சார்?

பதில்: பெரும்பாலும் பழுதாக இருக்காது. மேப் செயலியை இப்போதைக்கு மூடிவிட்டு, அடியிலிருந்து ஒவ்வொரு படியாகப் பாருங்கள். செருகியவுடன் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) ஒரு சீரியல் போர்ட் (ரிசீவரின் தரவு வரும் வாசல்) தரும். யூ-பிளாக்ஸ் சிப் உள்ளவை பொதுவாக டிடிஒய்-ஏசிஎம்-0 என்றும், புரொலிஃபிக் சிப் வழியாக வருபவை டிடிஒய்-யுஎஸ்பி-0 என்றும் தெரியும். அந்தப் போர்ட்டைத் திறந்தால் டாலர் குறியுடன் தொடங்கும் வரிகள் ஓடவேண்டும். ஓடினால் ரிசீவர் நன்றாக இருக்கிறது.

அடுத்து ஜிபிஎஸ்டி, ரிசீவர் தருவதைச் செயலிகளுக்குக் கொடுக்கும் பின்னணி மென்பொருள். அதன் அமைப்புக் கோப்பில் போர்ட்டின் பெயரோடு ‘-என்’ ஆப்ஷனையும் சேருங்கள். அது இல்லையென்றால், ஏதாவது ஒரு செயலி கேட்கும்வரை ஜிபிஎஸ்டி ரிசீவரைத் தொடாது. பலர் மாட்டிக்கொள்ளும் இன்னொரு இடம் மொபைல் மோடங்களைக் கவனிக்கும் மோடம்மேனேஜர். புதிதாக ஒரு சீரியல் போர்ட் வந்தால் அது மோடமாக இருக்குமோ என்று இது துழாவிப் பார்க்கும். சிம் போடாத கருவி என்றால் மோடம்மேனேஜரை நிறுத்திவிடலாம்.

இவ்வளவும் ஆனபின் திறந்தவெளிக்குப் போய், ஜிபிஎஸ்டி தரும் இடத்தைக் காட்டும் சிஜிபிஎஸ் கட்டளையை ஓட்டுங்கள். அவசரப்படாதீர்கள். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் இருக்கின்றன. அவை தங்கள் பாதை விவரத்தை நொடிக்கு 50 பிட் வேகத்தில்தான் அனுப்புகின்றன. ஒரு செயற்கைக்கோளின் விவரம் முழுதாக வந்துசேர 30 நொடி தேவை. நடுவில் சிக்னல் அறுந்தால் விட்டுப்போன பகுதி திரும்ப வரும்வரை காத்திருக்க வேண்டும். உயரத்தோடு சேர்த்து இடம் கணக்கிட நான்கு செயற்கைக்கோள்களாவது வேண்டும். அறைக்குள் உட்கார்ந்து சோதித்துவிட்டு ரிசீவரைக் குறை சொல்வது நியாயமில்லை.

கேள்வி: மேலே கேட்டவன்தான். சிஜிபிஎஸ்ஸில் இடம் சரியாக வந்துவிட்டது, மேப்பில் இன்னும் இல்லை!

பதில்: நல்லது, பாதி வேலை முடிந்தது. உங்கள் செயலி ஜிபிஎஸ்டியிடம் கேட்கவில்லை, செயலிகளுக்கு இடம் சொல்லும் இன்னொரு சேவையான ஜியோக்ளூவிடம் கேட்கிறது. குனோம் மேப்ஸ் அப்படித்தான். ஜிபிஎஸ்டியும் ஜியோக்ளூவும் நேரடியாகப் பேசிக்கொள்வதில்லை. ஜிபிஎஸ்டியோடு வரும் ஜிபிஎஸ்பைப் கருவியால் ரிசீவரின் டாலர் குறி வரிகளை உள்ளூர் நெட்வொர்க் போர்ட் ஒன்றில் விட்டு, நெட்வொர்க் சேவைகளை அறிவிக்கும் அவாஹி மூலம் அதை அறிவித்தால் ஜியோக்ளூ தானே கண்டுபிடித்து எடுத்துக்கொள்ளும். இதெல்லாம் வேண்டாம் என்றால் நாவிட் என்ற வழிகாட்டிச் செயலியைப் போடுங்கள். அது ஜிபிஎஸ்டியிடமிருந்தே வாங்கிக்கொள்ளும்.

கேள்வி: என் பைன்போனில் (லினக்ஸ் போன்) இடம் கிடைக்க ரொம்ப நேரம் ஆகிறது அண்ணா. தனி ரிசீவர் வாங்கட்டுமா?

பதில்: வேண்டாம் தம்பி. அதிலுள்ள குவெக்டெல் மோடத்திலேயே ஜிபிஎஸ் இருக்கிறது. செயற்கைக்கோள் விவரங்களை இணையம் வழியாக முன்கூட்டியே மோடத்தில் ஏற்றும் வசதி உண்டு, ஏ-ஜிபிஎஸ் என்பார்கள். அது ஓடுகிறதா என்று முதலில் பார்.

கேள்வி: நெட் இல்லாத இடங்களில் வழி காட்ட எது நல்லது?

பதில்: என் தேர்வு பியூர் மேப்ஸ், கூடவே ஓஎஸ்எம் ஸ்கவுட் சர்வர். தன்னார்வலர்கள் சேர்க்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற மேப்பின் தரவைக் கருவியிலேயே வைத்துக்கொண்டு, தேடுவது, பாதை போடுவது எல்லாவற்றையும் நெட் இல்லாமல் செய்துவிடும். எளிமையாக ஒன்று போதும் என்றால் ஆர்கானிக் மேப்ஸ். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தளத்திலிருந்து மேப் படத் துண்டுகளை மொத்தமாக இறக்கிச் சேமிக்காதீர்கள். அவர்களுடைய விதி அதை அனுமதிப்பதில்லை. அப்படிச் சேமித்த படங்களை வைத்துப் பாதை போடவும் முடியாது.

கேள்வி: 1080பி வீடியோ விக்கி விக்கி ஓடுகிறது, கருவியும் சூடாகிறது. ராஸ்பெரி பை 4 (சிறு கணினிப் பலகை) வைத்துக் கட்டிய கருவி, 800×480 திரை.

பதில்: 480 வரித் திரைக்கு 1080 வரி வீடியோ எதற்கு? தெரியாத புள்ளிகளை இறக்கி, விரித்து, திரும்பச் சுருக்குவதில் பேட்டரிதான் கரைகிறது. 480பி போதும்.

அதைவிட முக்கியமானது கோடெக், அதாவது வீடியோவைச் சுருக்கும் முறை. பை 4-இல் எச்.264-க்கும் எச்.265-க்கும் தனி டிகோடர் (விரிக்கும் வன்பொருள்) உண்டு. விபி9-க்கும் ஏவி1-க்கும் இல்லை. ஆனால் யூடியூப் பிரவுசருக்குப் பெரும்பாலும் இந்தக் கடைசி இரண்டில் ஒன்றைத்தான் அனுப்பும். அப்போது மொத்தச் சுமையும் சிபியு தலையில் விழும். விக்கலுக்கும் சூட்டுக்கும் அதுவே காரணம். பிரவுசரில் எச்.264 மட்டும் கேட்கவைக்கும் ஆட்-ஆன் போடுங்கள். அல்லது எம்பிவி பிளேயரை, தளங்களிலிருந்து வீடியோவை எடுத்துத் தரும் ஒய்டி-டிஎல்பியுடன் சேர்த்து, 480 வரிக்குள் எச்.264 மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். ஓடும்போது ஆங்கிலச் சிறிய ‘ஐ’ எழுத்தை அழுத்தினால் வன்பொருள் டிகோடர் வேலை செய்கிறதா என்று திரையிலேயே காட்டும். அதைப் பார்க்காமல் அமைப்புகளை மாற்றிக்கொண்டே போகாதீர்கள்.

பை 5 வாங்கினால் தீருமா என்று அடுத்து கேட்பீர்கள். அதில் எச்.264 டிகோடரை எடுத்தே விட்டார்கள், எச்.265 மட்டும்தான். சிபியு வேகம் கூடியதால் எச்.264-ஐ மென்பொருளிலேயே சமாளிக்கும், ஆனால் பேட்டரிக்கு அது நல்லதல்ல.

கேள்வி: கட்டணம் கட்டிப் பார்க்கும் தளங்களில் படம் மங்கலாக வருவது ஏன்?

பதில்: வைட்வைன் என்ற நகல் தடுப்புப் பூட்டுதான் காரணம். லினக்ஸில் அது பொதுவாக மென்பொருள் அளவிலான எல்3 நிலையில் ஓடுகிறது. அந்த நிலைக்குப் பல தளங்கள் உயர்தரப் படத்தைத் தருவதில்லை. உங்கள் அமைப்பில் சரிசெய்ய எதுவும் இல்லை.

கேள்வி: 2007-இல் வந்த நோக்கியா என்800 இன்னும் என்னிடம் ஓடுகிறது. இதிலும் இவை முடியுமா ஐயா?

பதில்: இன்னும் ஓடுவதைக் கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. கையடக்க லினக்ஸ் என்றால் என்ன என்பதைப் பலருக்குக் காட்டிய கருவி அது. வழிகாட்டி முடியும். புளூடூத் ஜிபிஎஸ் ரிசீவரை இணைத்து மேமோ மேப்பர் என்ற மேப் செயலியை ஓட்டலாம். வீடியோவுக்கு இன்றைய தளங்களை நேரே திறக்கப் பார்க்காதீர்கள். அதன் பழைய ஓப்பன்எஸ்எஸ்எல் (இணைப்பைப் பாதுகாக்கும் மென்பொருள்) இன்றைய சர்வர்கள் கேட்கும் டிஎல்எஸ் என்ற பாதுகாப்பு முறையின் பதிப்பை அறியாது, 128 எம்பி ரேமும் போதாது. வீட்டுக் கணினியில் வீடியோவை 400×240 அளவுக்கு மாற்றி, வீட்டு வைஃபை வழியாக அனுப்புங்கள். இரண்டு மடங்காக்கினால் திரைக்குச் சரியாகப் பொருந்தும்.

கேள்வி: சில நாள் அணைத்து வைத்துவிட்டு ஆன் செய்தால் எந்த வீடியோவும் திறப்பதில்லை, சான்றிதழ் பிழை என்கிறது. பை 4 கருவிதான், ஜிபிஎஸ் ரிசீவரும் மாட்டியிருக்கிறேன்.

பதில்: தேதியைப் பாருங்கள், பின்தங்கியிருக்கும். தேதி தவறினால் தளத்தின் சான்றிதழ் செல்லாததாகத் தெரியும். பை 4-இல் அணைந்தபின்னும் ஓடும் கடிகாரம் கிடையாது. ஜிபிஎஸ் சிக்னலிலேயே நேரமும் வருகிறது அல்லவா, கடிகாரத்தைச் சரிசெய்யும் குரோனியை ஜிபிஎஸ்டியோடு இணைத்துவிடுங்கள். வானம் தெரிந்தால் போதும், நெட் இல்லாமலே கடிகாரம் சரியாகிவிடும்.